ஈவ்லின் அம்மா போட்ட காபி

மந்தைவெளியில் மர்சலின் குறை சொல்லாத வீட்டுக் காபி கிடையாது. ஞாயிறு பூசை முடிந்ததும், சிறுவயதுத் தோழி ஈவ்லின் வீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

ஈவ்லின் தன் ஏழு வயது மகளுக்கும் கால் டம்ளர் ஊற்றினாள்.

“புள்ளைக்குக் காபியாடி?”

“டிகாஃப்தான், காஃபீன் எடுத்த காபி. அதுலயும் துளி காஃபீன் இருக்குமாம். எப்பவாவது கொஞ்சம்னா பரவால்லன்னாரு டாக்டர்.”

“டாக்டரைக் கேட்டியாக்கும்! உங்கம்மா யாரைக் கேட்டாங்க? ஸ்கூல் விட்டு வந்ததும் நம்ம ரெண்டு பேருக்கும் குடுப்பாங்களே, அதாண்டி காபி! அந்த ருசி அப்புறம் எந்த வீட்லயும் கிடைக்கல.”

ஈவ்லின் சிரித்தாள். “பிள்ளைங்களுக்குக் காபி ஆகாதுன்னு அம்மா நமக்குக் குடுத்தது, பால்ல வெறும் சிக்கரிடி.”

மர்சலின் டம்ளரைக் கீழே வைத்தாள். இத்தனை வருடங்களாக ஊரார் காபியில் அவள் கண்ட குறை ஒன்றே ஒன்றுதான்: அதில் காபி இருந்தது.