பாலத்தில் நின்றவன்

"கையை எடு, ஒக்னியான்!"

ராட்கா போட்ட சத்தத்தில் மன்றமே திரும்பிப் பார்த்தது.

ரூசே நகரத்துப் போர் விளையாட்டு மன்றத்துக்குப் பன்னிரண்டு வருடமாக அவள்தான் நடுவர். மேஜை மேல் ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டி ஆடுகிற சண்டைதான். ஆனாலும் அவள் கண்ணெதிரே ஒருத்தன் தில்லுமுல்லு செய்தது இதுதான் முதல் தடவை.

ஆட்டம் முடிந்து எல்லோரும் மூலையில் சூடான பனிட்சா ரொட்டி தின்னப் போயிருந்தார்கள். ஒக்னியான் மட்டும் குனிந்து, ஒரு தட்டிலிருந்து மூன்று பொம்மைகளை எடுத்து இன்னொரு தட்டில் வைத்தான். அவனும் காலினும் கூட்டணி. வீழ்த்திய எதிரிகளை அவரவர் தட்டில் போட வேண்டும். பொம்மைக்கு ஒரு புள்ளி. ஆறு புள்ளி எடுக்காதவனுக்கு அடுத்த சுற்று கிடையாது.

"கூட்டாளி தட்டுலயே கை வைக்கிறியே, வெட்கமா இல்ல?"

"தப்புதான் அக்கா."

காலின் வாய் நிறைய பனிட்சாவோடு ஓடிவந்தான். "டேய், நீதான் அள்ளிக் குவிச்சியே! என்கிட்டேர்ந்து வேறயா?"

"மூணு பொம்மை. மூணு புள்ளி அபராதம்" என்றாள் ராட்கா. அவளுக்கு மனசே விட்டுப்போயிற்று. ஒக்னியானை அவ்வளவு நம்பியிருந்தாள்.

புள்ளி நோட்டைப் பிரித்துத் தட்டுகளோடு சரிபார்த்தாள். நோட்டில் ஒக்னியானுக்குப் பன்னிரண்டு, காலினுக்கு மூன்று.

ஒக்னியான் தட்டில் ஒன்பது இருந்தது. காலின் தட்டில் ஆறு.

மறுபடியும் எண்ணினாள். அதேதான்.

"அட லூசு!" என்றான் காலின். "எனக்கா வச்ச?"

"பின்ன? ஆட்டம் பூரா நீ பாலத்தை மறிச்சுக்கிட்டு நின்ன. அதனாலதானே என் குதிரைங்க சுத்திப் போய் அடிச்சுது? அடிச்சவனுக்குப் பன்னெண்டு, அடி வாங்கினவனுக்கு மூணு. இது என்ன நியாயம்?"

"அக்கா, எங்களைக் கவுத்ததே அந்தப் பாலந்தான்" என்றான், எதிரணியில் தோற்ற மிலேன்.

ராட்காவுக்குச் சுருக்கென்றது. அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

எழுந்து போய், சுவரில் தொங்கிய விதிப் பலகையில் 'அவரவர் தட்டில்' என்ற வரியை அழித்தாள்.

"இனிமே கூட்டணிக்கு ஒரே தட்டு. புள்ளியில ஆளுக்குப் பாதி. இந்த ஆட்டத்துலேர்ந்தே. யாருக்காவது ஆட்சேபனை இருக்கா?"

"இல்லக்கா" என்றான் மிலேன்.

"அப்ப அபராதம் தள்ளுபடிதானே அக்கா?" காலின் பல்லைக் காட்டினான்.

"தில்லுமுல்லுன்னா தில்லுமுல்லுதான். அபராதமும் கூட்டுலதான் கழியும்."

இருவர் முகமும் தொங்கிப்போயிற்று.

ராட்கா இரண்டு தட்டையும் ஒன்றாகக் கொட்டினாள். பதினைந்து. அதில் மூன்றை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினாள்.

"மீதி பன்னெண்டு. ஆளுக்கு ஆறு."