அப்பாவின் குடிப்பழக்கம்

“குடிப்பழக்கம் உண்டா?”

“உண்டு டாக்டர்” என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருமல் மருந்தையே சாராய வாடை அடிக்கிறது என்று துப்புகிற மனிதர் இவர்.

“எவ்வளவு வருஷமா?”

“அது... ரொம்ப வருஷமா. தினமும்.”

டாக்டர் எழுதிக்கொண்டார். வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததில் அப்பாவின் இரைப்பையில் புண் தெரிந்திருந்தது. அதன் ஓரம் தடித்திருந்த விதம் சரியில்லை என்று ஒரு துணுக்கைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். அந்த நோயின் பெயரை அவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

“சிகரெட்?”

“அதுவும் உண்டு.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“பொய் சொல்றார் டாக்டர்! இவர் குடிச்சதெல்லாம் தொட்டித் தண்ணிதான்.”

அப்பா மேசைக்கடியில் என் காலை மிதித்தார். நான் நிறுத்துவதாக இல்லை.

அப்பாவுக்கு இரும்புச் சாமான்களுக்குக் குரோம் முலாம் பூசும் ஆலையில் வேலை. முலாம் போட்ட சாமானைக் கழுவுகிற தொட்டியில் மஞ்சளாய்த் தண்ணீர் நிற்கும். அதை இறைக்கிற மோட்டார் எந்தக் காலத்திலோ படுத்துவிட்டது. அதனால் ரப்பர் குழாயின் ஒரு நுனியைத் தொட்டியில் போட்டு, மறுநுனியை வாயில் வைத்து ஒரே இழுப்பு. வாய்க்கு வந்ததைத் துப்பிவிட்டுக் குழாயைக் கீழே போட்டால் தண்ணீர் தானாக ஓடும்.

எல்லாரும் செய்வதுதான். மற்றவர்கள் நாலு தடவை இழுக்க வேண்டும், அப்பாவுக்கு ஒன்று போதும். “பம்பு அண்ணே, கொஞ்சம் வாயேன்” என்று குரல் வந்தால் பெருமையாகக் கிளம்பிப் போவார்.

ஒவ்வொரு தடவையும் முழுசாகவா துப்பியிருப்பார்?

“அந்த மஞ்சத் தண்ணியில இருக்குற குரோமியம் எவ்வளவு விஷம்னு எனக்குத் தெரியும் டாக்டர். நான் கெமிஸ்ட்ரி படிச்சவ. எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்சதே நான் ஒருத்திதான். இவர் சாராயத்து மேல பழியைப் போட்டுட்டு, திரும்பவும் போய்க் குழாயைக் கடிப்பார்!”

டாக்டர் எழுதியதை அடித்தார்.

“இதுதான் காரணம்னு இப்பவே சொல்ல முடியாதும்மா. ஆனா கட்டாயம் பதிவு பண்ணணும். ஆலைக்கும் கேட்டு எழுதுவேன். ஏன், அங்க பாதுகாப்பு அதிகாரின்னு ஒருத்தரும் கிடையாதா?”

அப்பா வயிற்றைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இவதான் டாக்டர். வர்ற திங்கக்கிழமை சேர்றா. படிச்சு முடிச்சு எங்கெங்கயோ அலைஞ்சு, இப்பத்தான் கிடைச்சிருக்கு. அவ உள்ள போற வரைக்கும் மட்டும் எழுதாம இருங்களேன்.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

“எழுதவாம்மா?”