மூக்கம்மா

"என் பொண்டாட்டி மூக்கைத் தாண்டி ஒரு கெட்ட மீன் விலைபோனதில்ல சார். சந்தையில யாரை வேணாலும் கேளுங்க."

சுகாதார அதிகாரி யாரையும் கேட்கவில்லை. மீன்கடைப் பூட்டுக்கு அரக்கு வைத்துக்கொண்டே சொன்னார்.

"ஆய்வுக்கூடத்து முடிவு வந்தாச்சுய்யா. உங்க ஐஸ் பெட்டியில எடுத்த மீன்ல கிருமி மொய்க்குது. அதைச் சாப்பிட்ட தையல்காரர் பொண்ணு இன்னும் கண்ணைத் தொறக்கல."

மீன்காரருக்கு அவளை நன்றாகத் தெரியும். 'முள்ளில்லாத மீனாக் குடுங்க அத்தை' என்று கடையில் வந்து நிற்கும் வாண்டு அது.

"அப்ப ஐஸ்காரனைத்தான் சார் பிடிக்கணும். எந்தக் குட்டைத் தண்ணியில போட்டானோ."

"ஐஸையும் பார்த்தோம். சுத்தமா இருக்கு. பெட்டியைத் தொறந்ததுமே எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. உங்க வீட்டம்மா அதும்பக்கத்துலயே உட்கார்ந்து வித்திருக்காங்க. தெரிஞ்சேதான் வித்திருக்காங்க."

"என்னைத் திட்டுங்க சார். அவளைச் சொல்லாதீங்க."

சந்தையே அவளை மூக்கம்மா என்றுதான் கூப்பிடும். முந்தின நாள் மிஞ்சிய மீனில் எது விற்கலாம், எது குப்பைக்கு என்று செவுளை முகர்ந்தே சொல்லிவிடுவாள். அதில் மீன்காரருக்குத் தலைகால் புரியாத பெருமை.

புது மீனை ஓட்டல்களுக்கு எடுத்துப் போவது அவர் வேலை. மழைக்காலத்துக் காய்ச்சலிலிருந்து அவள் எழுந்த பிறகு, அவர் கிளம்பும்போதெல்லாம் அவள், "பழைய மீனை நீங்களும் ஒரு தடவை மோந்து பாத்துட்டுப் போங்களேன்" என்பாள். "மீன்குஞ்சுக்கு நான் நீச்சல் கத்துக் குடுக்கணுமா?" என்று சிரித்துவிட்டு அவர் சைக்கிளை மிதித்துவிடுவார்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து பிரஷ் தேய்க்கும் சத்தம் கேட்டது. முந்தின நாளே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்ட ஐஸ் பெட்டியைச் சமையலறையில் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்கு எப்படி இருக்காம்?"

"அப்படியேதான் இருக்காம். கடைக்கு சீல் வெச்சுட்டாங்க. அது போகட்டும் விடு. நீ தெரிஞ்சே வித்தேன்னு சொல்றார் அந்த ஆளு. எனக்கு ரத்தம் கொதிச்சிடுச்சு. அவ மூக்கு பொய் சொல்லாதுன்னு முகத்துக்கு நேராவே சொல்லிட்டு வந்தேன்."

பிரஷ் சத்தம் நின்றது.

"பெட்டிக்கு இன்னும் சுடுதண்ணி வேணும்" என்றாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "வெச்ச தண்ணி பொங்கி அடுப்பை அணைச்சிருக்கு பாருங்க."

மீன்காரர் சமையலறைக்குள் காலை வைத்தார். மூச்சு முட்டியது. அடுப்புக்கு நேராகக் குனிந்து, அவள் லைட்டரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டார். அடுப்பைத் திருகி மூடினார். ஜன்னலைத் திறந்தார்.

"வீடு பூரா கேஸ் நாத்தம் குடலைப் புடுங்குது. பக்கத்துலயே நிக்கிற, உனக்கு எப்படி..."

பாதியில் நிறுத்தி அவள் மூக்கைப் பார்த்தார்.

அவள் தலை நிமிரவில்லை.

"அந்தக் காய்ச்சலோட போயிடுச்சுங்க. வெளிய சொல்ல வாய் வரல. அதான் தினமும் உங்களை மோந்து பாக்கச் சொன்னேன்."