எலும்பு கூடணும்

முதல் கவளத்தை ரெங்கம்மாளே வாயில் போட்டு விழுங்கிக் காட்டினாள். "பாத்தியா? ஒண்ணும் ஆகல. தின்னு."

கட்டிலில் கிடந்த வீரமலை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் மேஸ்திரி அவன். மதிலிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, திருச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு மாதமாகிறது. முதலாளி வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

"பிரண்டை நாக்கை அரிக்கும்னு பயப்படுறாரு போல" என்று சிரித்தார் கம்பவுண்டர் பஷீர் அகமது.

"நல்லெண்ணெயில வதக்கி, புளி வச்சு அரைச்சிருக்கேன். அரிக்காது."

வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. முப்பது வயதுக்கு மேல் இராது. தினமும் விடியுமுன் கிளம்பி, கொள்ளிடம் பாலமும் காவிரிப் பாலமும் நடந்தே கடந்து, பித்தளைத் தூக்கோடு வந்துவிடுவாள். அக்கா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வார்டே பேசிக்கொண்டது.

அன்று டாக்டர் தூக்கைப் பார்த்துவிட்டார்.

"என்னது இது, பச்சிலையா?"

"பிரண்டைங்க ஐயா. எலும்பு கூடும்."

"அதுக்குத்தான் கட்டுப் போட்டிருக்கு. இந்த வார்டுல என் மருந்து மட்டும்தான். யாருப்பா அங்க, இதைக் கொண்டுபோய்க் கொட்டு!"

தூக்கு காலியாகத் திரும்பி வந்தது. ரெங்கம்மாள் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஜார்ஜ் மன்னர் படத்தின் கீழே நின்ற டாக்டருக்கு நேரே போய் நின்றாள்.

"கொட்டுங்க. நாளைக்கும் அரைச்சுக்கிட்டு வருவேன். நாளன்னைக்கும் வருவேன். உங்க கட்டு வெளிய இருந்து புடிக்கட்டும், இது உள்ள இருந்து புடிக்கட்டும். எங்க ஊரு வேலியில பிரண்டைக்குப் பஞ்சமில்ல."

வராந்தா பெஞ்சில் தூங்கி வழிந்த கான்ஸ்டபிள்கூட விழித்துக்கொண்டார்.

சொன்னபடியே வந்தாள். மறுநாளும் கொட்டினார்கள், அதற்கு மறுநாளும். நாலாம் நாள் டாக்டர் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டார்.

பிரண்டைத் துவையல், கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை. எதுவானாலும் முதல் வாய் அவளுடையது. அதன் பிறகுதான் வீரமலை வாய் திறப்பான். ஒருநாளும் அவள் முகத்தை அவன் ஏறிட்டதில்லை. வலிக்கிறதா என்று அவளும் கேட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். வீரமலை கம்பை ஊன்றி எழுந்தான், தள்ளாடினான். ரெங்கம்மாள் கை கொடுக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓர் அடி. இன்னோர் அடி. ஜன்னல்வரை நடந்துவிட்டான்.

டாக்டர் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நல்லாவே கூடியிருக்கு. என் கட்டோ, உன் பிரண்டையோ, ஏதோ ஒண்ணு. உன் பிடிவாதத்துக்கு முன்னாடி நான் தோத்துட்டேம்மா. தம்பி மேல அவ்வளவு உசிரா உனக்கு?"

"தம்பியா?"

ரெங்கம்மாளின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

"என் புருஷனை அடிச்சுக் கொன்னவன் ஐயா இவன். நிக்க முடியலன்னு சொல்லியே மூணு வாய்தா போச்சு, இப்ப வந்து கூண்டுல நிக்கட்டும்!"