டிக்கியில் இல்லாத சங்கிலி

“நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, நாலும் பனி டயர். சட்டப்படி எனக்குச் சங்கிலி தேவையில்ல. வழியை விடும்மா.”

பனி மூடிய சியரா மலைப்பாதையில், டயர் சறுக்காமல் மாட்டும் சங்கிலி வண்டியில் இருக்கிறதா என்று பார்க்கும் சாவடியில், முகமூடியும் பனிக் கண்ணாடியுமாக நின்ற என்னிடம் அவர் கத்தினார்.

“மாட்ட வேண்டாம் சார். ஆனா டிக்கியில இருக்கணும். அதுவும் சட்டம்தான்.”

“வக்கீலுக்கே சட்டம் சொல்றியா? பள்ளிக்கூடமாவது தாண்டியிருக்கியா?”

“டிகிரி முடிச்சிருக்கேன். சங்கிலி எங்க?”

“மூணு மணிக்கு மலைக்கு அந்தப் பக்கம் கேஸ் இருக்கு. லேட்டாச்சுன்னா உன் வேலை போயிடும்.”

“அடிவாரத்துக் கடையில விக்குது. வாங்கிட்டு வாங்க.”

கெட்ட வார்த்தை சொல்லி வண்டியை அடிவாரக் கடைக்குத் திருப்பினார்.

மூன்று மணிக்கு மலைக்கு அந்தப் பக்கக் கோர்ட்டில் நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். கேள்வி கேட்க எழுந்த வக்கீல் அவர்தான். முகமூடி இல்லாத என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் குரல் எனக்குத் தெரிந்தது.

“மிஸ் கின்டேரோ, போன ஜனவரியில சங்கிலி இல்லாத ஒரு வண்டியை நீங்க மேல விட்டீங்க. அது சறுக்கி மோதி என் கட்சிக்காரரோட மகன் செத்துட்டான். ஏன் விட்டீங்க?”

“வேலை போயிடும்னு அந்த வண்டிக்காரர் மிரட்டினார் சார். பயந்து விட்டுட்டேன். இன்னிக்குக் காலையில அதே சாவடியில நீங்களும் அப்படியே மிரட்டினீங்க. விடல.”