மாமாவின் மஞ்சள் பை

ஓட்டில் பதித்த கண்ணாடி வழியாக விழும் வெயில், மாமாவின் மடியிலிருக்கும் மஞ்சள் பை மேல் சதுரமாகக் கிடக்கிறது. பூங்கொடியின் கண்கள் அந்தச் சதுரத்தை விட்டு நகரவில்லை. மாசித் தேருக்குக் காரமடை வரும்போதெல்லாம் திருமூர்த்தி மாமா தேர்க்கடையில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிச் சட்டைப்பையில் போட்டு வருவார். அவள் பிளஸ் டூ வந்த பிறகும் அதே வளையல்தான். இந்த வருடம்தான் பை. நேற்று அம்மா அப்பாவிடம், "அண்ணன் அவரு பையன் செல்வராசுக்கு நம்ம பூங்கொடியக் கேக்கச் சேலையோட வாராருங்க" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. தெருவில் ஒரு பலூன்காரனின் ஊதல் விட்டுவிட்டுக் கேட்கிறது. மடியில் விரித்த இயற்பியல் புத்தகத்தின் ஓரத்தை அவள் விரல் சுருட்டிச் சுருட்டி விடுகிறது. "ஏங்கண்ணு, மொகம் வெளுத்துக் கெடக்குது? பரிச்ச பயமா?" என்கிறார் மாமா. "ஒண்ணுமில்லீங் மாமா." மாமா பைக்குள் கை விடுகிறார். காகிதம் சரசரக்கிறது. வெளியே வருவது செய்தித்தாளில் சுற்றிய பச்சை வளையல்கள். "இந்தா அம்மணி." அவள் வாங்கும்போது வளையல்கள் கிலுகிலுக்கின்றன. அடக்கியிருந்த மூச்சு மெல்ல இறங்குகிறது. அப்போது சமையலறையிலிருந்து அம்மா வருகிறாள். கையில் புளி போட்டுத் தேய்த்த பித்தளைத் தட்டு; அதில் வெற்றிலை, பாக்கு, குங்குமம். மகளைப் பார்க்காமல் அதை மாமாவின் முன்னால் வைக்கிறாள். வளையலுக்கு இந்த வீட்டில் யாரும் தட்டு வைத்ததில்லை.