நாலு முங்கு

மிளகாய் வறுக்கும்போது நான் இருமுவதில்லை.

சட்டியில் வற்றலைப் போட்டதும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். கடலுக்கடியில் சங்கு பொறுக்கியே பாதி ஆயுசைக் கழித்தவனுக்கு இந்தப் புகை எம்மாத்திரம்?

இன்றைக்குத்தான் நடுவில் ஒரு தடவை ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. விறகு ஈரம்.

வாசல் நிழலில் உட்கார்ந்திருந்த ஹமீது சுல்தான் இருமி இருமிக் கண்ணைக் கசக்கினார். என் மனைவி மஜீதாவின் மூத்த அண்ணன்; அவளுக்குக் காக்கா. கீழக்கரைச் சங்குத் தோணி ஒன்றுக்குத் தண்டல். எவன் கடலில் குதிக்கலாம், எவன் கூடாது என்று சொல்கிறவர் அவர்தான்.

"மச்சான், சோறு போடக் கூப்பிட்டீகளா, சாகடிக்கக் கூப்பிட்டீகளா?"

"கரையில உக்காந்தே மூச்சு முட்டுது. நீங்கள்லாம் ஒரு தண்டல்!" என்றேன்.

அவர் சிரித்தார். சுவரோரம் ஓலைக் கொட்டான் முடைந்துகொண்டிருந்த மஜீதா சிரிக்கவில்லை.

நயா பைசா வந்த வருஷம், முங்கி எழுந்தபோது என் இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. இனிக் கடல் ஆகாது என்றார்கள். தாலுகா கச்சேரி உத்தியோகஸ்தனுக்குக்கூட தலை நரைத்த பிறகுதான் ஓய்வு. எனக்கு மீசை கறுப்பாக இருக்கும்போதே வந்துவிட்டது.

கொட்டான் விற்றுத்தான் வீட்டில் உலை கொதித்தது. மஜீதா ஓலையை விட்டு அடுப்புக்கும், அடுப்பை விட்டு ஓலைக்குமாக ஓடினாள். ஒருநாள் அவள் கையிலிருந்து அகப்பையை வாங்கிக்கொண்டேன்.

தெருவில் சிரித்தார்கள். நான் வைத்த மீன் குழம்பை, எங்கள் பேச்சில் ஆணத்தை, தொட்டு நாக்கில் வைத்த பிறகு சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

பெண்கள் கொதியைப் பார்த்து, வாசனையைப் பார்த்துச் சட்டியை இறக்குகிறார்கள். எனக்கு அந்தக் கண் இல்லை, மூக்கும் இல்லை. எனக்குத் தெரிந்த அளவு ஒன்றுதான். கொதிக்கிற ஆணத்தில் மீன் துண்டங்களைப் போட்டுவிட்டு மூச்சைப் பிடிப்பேன். நெஞ்சு முட்டுகிறவரை பிடித்திருந்து விடுவேன். கொஞ்சம் ஆறிக்கொண்டு மறுபடி பிடிப்பேன். அப்படி நாலு முங்கு. உடனே இறக்கிவிட்டு லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது மஜீதா சோறு எடுத்து வைத்திருப்பாள். மீன் ஒருநாளும் சோடை போனதில்லை.

இப்போது காது ஆறிவிட்டது. சங்குக் குளி தொடங்கப்போகிறது. தோணிக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு நான்தான் மச்சானுக்குச் சொல்லி அனுப்பினேன். அடுப்படி எனக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனாலும் நான் கடலுக்குப் பிறந்தவன்.

மஜீதாவிடம் சொன்னபோது, "ஒங்க இஷ்டம்" என்றாள்.

"காது கெடக்கட்டும். மூச்சு எப்படி இருக்கு மச்சான்?" ஹமீது சுல்தான் கை கழுவப் பானைப் பக்கம் போனபடி கேட்டார்.

"அப்படியே இருக்கு. நாலு முங்கு போட்டுத்தான் ஆணமே இறக்குறேன். தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

பாறை மீன். துண்டங்கள் கனமானவை. நாலு முங்கையும் ஒழுங்காக எண்ணி, சட்டியை இறக்கினேன்.

மச்சானுக்கு அவசரம். தோணிக்கு ஆள் சேர்க்க இன்னும் நாலு வீடு ஏறி இறங்க வேண்டும். பாங்கு சொல்வதற்கு முன்பே தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

மஜீதா எழுந்திருக்கவில்லை.

"நீங்களே வைங்க. நீங்க ஆக்குனதுதானே."

வைத்தேன். துண்டத்திலேயே பெரியதாகப் பார்த்து வைத்தேன்.

ஹமீது சுல்தான் மீனைப் பிட்டார். விரல் அப்படியே நின்றது.

முள்ளை ஒட்டி உள்ளே சதை சிவப்பாக இருந்தது. ரத்தம் நூலாகத் தெரிந்தது.

"நாலு முங்கு எண்ணித்தானே இறக்குனேன்" என்றேன்.

"எண்ணிக்கை சரிதாங்க." மஜீதா ஓலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெனமும் நீங்க பள்ளிக்குப் போனதும் சட்டியத் திரும்ப அடுப்புல ஏத்துவேன். இன்னைக்கு ஏத்தல."

ஹமீது சுல்தான் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"எம்புட்டு நாளா?"

"போன நோன்புப் பெருநாளுலேர்ந்து காக்கா. மொதல்ல ஒரு கொதி விட்டாப் போதும். இப்ப ரெண்டு மூணு கொதி விட வேண்டியிருக்கு."

முங்கு நாலுதான்; ஒவ்வொரு முங்கிலும் மூச்சுதான் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

ஹமீது சுல்தான் பிட்ட மீனைத் தட்டிலிருந்து எடுத்து, அவரே சட்டியில் போட்டார்.

"அடுப்புல வைங்க மச்சான். இருந்து தின்னுட்டே போறேன்."

அவசரமாக வந்த மனுஷன் காலை மடக்கிச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தோணியைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

சட்டியை ஏற்றினேன். சுள்ளியைத் தள்ளிவிட்டேன். ஆணம் கொதிக்க ஆரம்பித்தது. பழக்கத்தில் மூச்சு தானாக உள்ளே போயிற்று. விட்டுவிட்டேன்.

மஜீதாவின் பக்கம் திரும்பினேன்.

"எப்ப இறக்கணும்?"

அவள் கொட்டானைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.